நொடிக்கு 11.3

கும்பகோணத்தில் அண்ணனுடைய கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் மூன்று வருடமாக ஒரு வழக்கம் இருந்தது. மண்டபத்திலிருந்து மெமரி கார்டுகள் வந்ததும் கீழே கடையில் இருக்கும் சிஸ்டத்தில் இறக்குவார்கள். அங்கிருந்து மாடியில் இருக்கும் எடிட்டிங் சிஸ்டத்துக்கு லேன் வழியாக, அதாவது கடைக்குள் சிஸ்டங்களை இணைக்கும் கேபிள் வழியாக, காப்பி போட்டுவிட்டு, ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். காலையில் வந்தால் முடிந்திருக்கும். முடியாவிட்டால் இன்னொரு டீ. யாருக்கும் இதில் குறை இல்லை. இட்லி மாவு ராத்திரி முழுக்கப் புளிப்பது போல, வீடியோவும் ராத்திரி முழுக்க மாடி ஏறும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு தை மாத முகூர்த்த நாளில் ராத்திரி 2 மணிக்குக் கரண்ட் போனது. யூபிஎஸ் இருபது நிமிஷம் தாங்கியது. காலையில் அண்ணன் வந்து பார்த்தபோது காப்பி பாதியில் நின்றிருந்தது. எது வந்தது, எது வரவில்லை, எது அரைகுறையாக வந்தது என்று தெரியவில்லை. மாப்பிள்ளைக்கு அன்று ராத்திரியே துபாய் ஃபிளைட். கிளம்புவதற்குள் மூன்று நிமிஷ வீடியோ ஒன்று கேட்டிருந்தார்கள். மறுபடி முதலிலிருந்து போட்டால் சாயங்காலம் ஆகும். கடைசியில் கேமரா கார்டுகளையே தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடி, தாலி கட்டும் இடத்தை மட்டும் தேடி எடுத்து வெட்டி ஒட்டிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம்தான் எனக்கு போன் வந்தது.

கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், வாய்ஸ் மெயில் வரவில்லை என்றாலும் என்னைத்தான். "தம்பி, ரொம்ப ஸ்லோவா இருக்கு, என்னன்னு பாரு" என்றார் அண்ணன். காப்பி ஆகும் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். நொடிக்கு 11.3 எம்பி. பச்சைக் கோடு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. ஸ்கேல் வைத்து இழுத்தது போல நேராக இருந்தது.

அந்த நேர்கோட்டிலேயே பதில் இருந்தது. எனக்கு அப்போது அது தெரியவில்லை.

"ஹார்ட்டிஸ்க் பழசுண்ணே" என்றேன், டாக்டர் மாதிரி. அண்ணன் மறுபேச்சு இல்லாமல் புது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க், வாங்கினார். போட்டோம். 11.3. விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். 11.3. ஆன்ட்டிவைரஸை நிறுத்திப் பார்த்தேன். 11.3. யூடியூபில் ஒருவர், பகிர்வுக்கான எஸ்எம்பி நெறிமுறையின் பழைய பதிப்பை, அதாவது எஸ்எம்பி1-ஐ, மறுபடி இயக்கினால் வேகம் பறக்கும் என்று சொன்னார். அதை மட்டும் செய்யவில்லை. 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கச் சுற்றியது அந்தப் பழைய கதவு வழியாகத்தான். அதன் பிறகு வந்த விண்டோஸ் 10 பதிப்புகளில் மைக்ரோசாஃப்டே அதை எடுத்து வைத்துவிட்டது. இத்தனைக்கும் அது புதியதைவிட மெதுவானது. எடுத்ததற்கெல்லாம் ஒரு கேள்வி, ஒரு பதில் என்று வளவளவென்று பேசும்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது. மூன்று தடவை வெவ்வேறு மருந்து கொடுத்தும் நாடி ஒரு துடிப்புகூட மாறவில்லை என்றால், நோய் நான் மருந்து கொடுத்த இடத்தில் இல்லை. ஹார்ட்டிஸ்க் கோளாறாக இருந்தால் வேகம் இப்படி அசையாமல் நிற்காது. 60 போகும், 20-க்கு விழும், மறுபடி ஏறும். அசையாத எண் என்றால் யாரோ மேலே ஒரு மூடி போட்டிருக்கிறார்கள்.

கணக்கு போட்டுப் பார்த்தேன். இங்கே ஒரு தொல்லை உண்டு. நெட்வொர்க் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள், காப்பி ஜன்னல் மெகாபைட்டில் காட்டும். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். இங்கிலீஷில் எழுதும்போது சின்ன பி போட்டால் பிட், பெரிய பி போட்டால் பைட். தமிழில் அந்த வசதி இல்லை. போதாக்குறைக்கு, "லைன் 100 எம்பிபிஎஸ்தான் காட்டுது" என்று நான் சொன்னதும் அண்ணன், "எம்பிபிஎஸ்ஸா, டாக்டருக்குப் படிக்கறதுல்ல?" என்றார். அன்றிலிருந்து மெகாபிட் என்றே முழுசாகச் சொல்கிறேன்.

100 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். அதில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மேலே ஒட்டும் விலாசம், பொட்டலங்களுக்கு நடுவே விடும் இடைவெளி என்று ஐந்து சதவீதம் போகும். விண்டோஸ் எம்பியை ஆயிரம் ஆயிரமாக எண்ணாமல் 1024 கணக்கில் எண்ணுவதால் இன்னும் கொஞ்சம் குறைந்து தெரியும். மிஞ்சுவது 11.3. அதாவது, ஸ்டூடியோவில் ஓடிக்கொண்டிருந்தது, லேன் கேபிளில் சிஸ்டங்கள் பேசிக்கொள்ளும் ஈதர்நெட் என்ற முறையின் 1995-ல் வந்த 100 மெகாபிட் பதிப்பு, அதன் முழு வேகத்தில். ஒரு குறையும் இல்லாமல், மிகச் சரியாக, பழைய வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

கேமரா பக்கத்துக் கணக்கையும் பார்த்துவிடலாம். அண்ணன் வைத்திருக்கும் 4கே கேமரா நொடிக்கு 100 மெகாபிட்டில் எழுதுகிறது. அது 12.5 எம்பி. லேன் எடுத்துப் போவதோ 11.3. ஒரு கேமரா பிடித்த படத்தை மாடிக்கு அனுப்ப, பிடித்த நேரத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ஆகும். கல்யாணம் நடந்ததைவிட அது படி ஏறுவது மெதுவாக நடக்கிறது. ரிசப்ஷன், முகூர்த்தம் இரண்டையும் சேர்த்து இரண்டு கேமராவிலுமாக மொத்தம் ஏழு மணி நேரப் பதிவு என்று வைத்துக்கொண்டால் 315 ஜிபி. ஃபோட்டோக்காரர் எடுக்கும் மூவாயிரம் ரா படங்கள் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் பெரிய ஃபைல்கள்) ஒரு 80 ஜிபி. மொத்தம் 400 ஜிபி என்று வையுங்கள். 11.3-ல் இதற்குப் பத்து மணி நேரம். ராத்திரி 9 மணிக்குப் போட்டால் காலை 7 மணி. அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டது.

கீழ் சிஸ்டத்தில் நெட்வொர்க் கார்டு ஜிகாபிட், அதாவது 1000 மெகாபிட். மாடியிலும் ஜிகாபிட். செம்புக் கம்பியில் ஜிகாபிட் ஓட்டுவதற்கான தரம் 1999-லேயே வந்துவிட்டது, இன்றைய மதர்போர்டில் அது இல்லாமல் வராது. அப்புறம் யார் மூடி போட்டது? இரண்டுக்கும் நடுவில் இருந்தது இன்டர்நெட் கனெக்‌ஷனோடு வந்த ரவுட்டர். நான்கு லேன் ஓட்டைகள். எல்லாம் பார்க்க ஒன்றுபோல இருந்தன. உற்றுப் பார்த்தால் ஒன்றின் அடியில் மட்டும் 'ஜிஇ' என்று பொடி எழுத்தில் இருந்தது, மற்ற மூன்றில் 'எஃப்இ'. ஒன்றுதான் ஜிகாபிட், மற்றவை 100. ஃபைபர் கனெக்‌ஷனோடு வீட்டுக்கு வரும் பெட்டிகளில் இப்படிப் பல உண்டு. இன்டர்நெட் கொடுப்பவருக்கு அதில் தப்பில்லை. அவர் விற்றது இன்டர்நெட். நம் கடைக்குள் நாமே ஒரு சிஸ்டத்திலிருந்து இன்னொரு சிஸ்டத்துக்கு அனுப்புவது அவருடைய கணக்கிலேயே இல்லை. அண்ணனோ, "ப்ளானை பெருசா மாத்திடலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. மாதம் ஆயிரம் ரூபாய் கட்டினாலும், நெட்டே இல்லாவிட்டாலும், லேன் வேகம் அதேதான்.

ஐந்து போர்ட் ஜிகாபிட் ஸ்விட்ச் ஒன்று வாங்கினோம், ஆயிரத்துச் சொச்சம். உள்ளங்கை அளவு டப்பா. அதற்கு எதையும் செட் பண்ண வேண்டியதில்லை. கரண்ட் கொடுத்து, சிஸ்டங்களை அதில் சொருகி, அதிலிருந்து ஒரு கேபிளை ரவுட்டருக்குக் கொடுத்தால் முடிந்தது. ஈதர்நெட் 1973-ல் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் பாப் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் தொடங்கிய காலத்தில், எல்லாக் கணினிகளும் ஒரே கம்பியில்தான் தொங்கின. ஒருவர் பேசினால் மற்றவர் சும்மா இருக்க வேண்டும், இருவர் ஒரே நேரத்தில் பேசினால் மோதி, இருவருமே திரும்பச் சொல்ல வேண்டும். அந்த வேகம் நொடிக்கு மூன்று மெகாபிட்கூட இல்லை. ஸ்விட்ச் வந்த பிறகு ஒவ்வொருவருக்கும் தனிப் பாதை, போக ஒன்று, வர ஒன்று.

கீழ்க் கடையில் இருந்த இரண்டு சிஸ்டங்களுக்கு நடுவே காப்பி போட்டுப் பார்த்தோம். 113. அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சரி, வேலை முடிந்தது என்று மாடிக்குப் போய் அங்கே ஒரு காப்பி போட்டால், 11.

இந்த 11 பழைய 11 இல்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். இது நடுங்கியது. 11, திடீரென்று 8, ஒரு நொடி 6, மறுபடி 11. கேபிள்தான் என்று சந்தேகப்பட்டு டெஸ்டரை எடுத்தேன். இரண்டு பக்கமும் சொருகினால் ஒன்று முதல் எட்டு வரை விளக்கு வரிசையாக எரியும். எட்டுக் கம்பியும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். எட்டும் எரிந்தன. கேபிளை நம்பினேன். அதனால் ஒரு வாரம் வீணானது.

ஒரு வாரம் கழித்து, வேறு வழியில்லாமல், மாடி ஜாக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி போன்ற அந்தப் பிளாஸ்டிக் வழியாக எட்டு நிறங்களும் தெரிந்தன. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பிரவுன், பிரவுன். கோலம் போட்ட மாதிரி ஜோடி ஜோடியாக, அழகாக இருந்தது. அழகாக இருந்ததுதான் கோளாறு.

கேபிள் இழுக்க வருபவர்களில் பலரும் சொல்வது, "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா போதும் சார், கலர்ல என்ன இருக்கு" என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கரண்டுக்குக் கலர் தெரியாது. ஆனால் முறுக்கு தெரியும். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் சும்மா கிடப்பதில்லை, இரண்டிரண்டாக, சடை பின்னிய மாதிரி முறுக்கியிருக்கும். ஒரே சிக்னலை ஒரு கம்பியில் நேராகவும் அதன் ஜோடியில் தலைகீழாகவும் அனுப்புகிறார்கள். வழியில் ஃபேன் மோட்டார், டியூப்லைட் சோக் என்று ஏதாவது குறுக்கிட்டால், அந்த இரைச்சல் முறுக்கிய இரண்டு கம்பிகளிலும் ஒரே அளவில் விழும். மறுமுனையில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரைச்சல் அடிபட்டுப் போய் சிக்னல் மட்டும் மிஞ்சும். டெலிஃபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல்லே 1881-ல் இந்த முறுக்குக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். நான்கு ஜோடிக்கும் முறுக்கின் நெருக்கம் வேறுவேறாக இருக்கும், ஒரு ஜோடி பேசுவது அடுத்த ஜோடிக்குக் கேட்கக் கூடாது என்பதற்காக.

ஜாக்கின் எட்டு ஊசிகளில் 1-2 ஒரு ஜோடி, 7-8 ஒரு ஜோடி. நடுவில் மட்டும் கதை வேறு. 4-5 ஒரு ஜோடி, அதை அணைத்த மாதிரி வெளியே 3-6 ஒரு ஜோடி. இது டெலிஃபோன் காலத்து வழக்கம். நடு இரண்டு ஊசிகள் முதல் லைனுக்கு, அதன் இரு பக்கமும் இருப்பவை இரண்டாம் லைனுக்கு. கம்ப்யூட்டர் அதைச் சொத்தாக வாங்கிக்கொண்டது. அதனால் சரியான வரிசையில் பச்சை ஜோடி பிரிந்து நிற்கும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பார்க்க ஏதோ தப்பாக அடுக்கியது போலத்தான் இருக்கும். எங்கள் கேபிளிலோ மூன்றாம் ஊசியில் பச்சை ஜோடியின் ஒரு கம்பி, ஆறாம் ஊசியில் நீல ஜோடியின் ஒரு கம்பி. இருவரும் ஒன்றாக முறுக்கப்படாதவர்கள். கழித்தால் அடிபடாத இரைச்சல், அதோடு பச்சையும் நீலமும் ஒன்றின் பேச்சு ஒன்றுக்குக் கேட்டபடி. டெஸ்டர் கம்பி முனைக்கு முனை போகிறதா என்று மட்டும்தான் பார்க்கும், யாரோடு யார் முறுக்கப்பட்டிருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது.

100 மெகாபிட் இரண்டு ஜோடிகளை மட்டும் வைத்துப் பிழைத்துக்கொள்ளும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் ஒழுங்காக வேண்டும். ஒழுங்காக இல்லை என்று தெரிந்தால், பல நெட்வொர்க் கார்டுகள் சண்டை போடாமல் தாங்களே 100-க்கு இறங்கிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. ஒரே ஒரு பிரவுன் கம்பி ஜாக்குக்குள் முனை வரை போகாமல் நின்றாலும் இதே கதிதான். நெட் வரும், வாட்ஸ்அப் வரும், எல்லாம் நன்றாக இருப்பது போலவே இருக்கும்.

இரண்டு முனையையும் வெட்டி எறிந்தேன். மேலுறையை ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக உரித்து, முறுக்கைப் பிரித்து, எட்டையும் விரலால் நீவி நேராக்கி, வரிசைப்படுத்தி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தட்டையாகப் பிடித்து, முனைகளை ஒரே வெட்டில் சமமாக்கி, ஜாக்குக்குள் தள்ள வேண்டும். எட்டு முனையும் ஜாக்கின் கண்ணாடிச் சுவரில் போய் முட்டுவது தெரிய வேண்டும். மேலுறையும் கொஞ்சம் உள்ளே போய்ப் பிடியில் மாட்ட வேண்டும், இல்லையென்றால் இழுத்த இழுப்பில் கம்பி வந்துவிடும். முதல் முனை மூன்று முயற்சி. கடைசி நொடியில் நீலமும் வெள்ளை-நீலமும் இடம் மாறிக்கொள்ளும், அது அவற்றின் குணம். கிரிம்பிங் கருவியை அழுத்தும்போது 'டக்' என்ற சத்தம் வந்தது. கீழே போய் இன்னொரு முனை. நெட்வொர்க் நிலையைத் திறந்தால் 1.0 ஜிபிபிஎஸ். காப்பி 113. அங்கிருந்து அசையவில்லை.

கம்பியைப் பற்றி இன்னொன்று. வெட்டிய முனைகளில் ஒன்றைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தேன். நல்லவேளை, உள்ளேயும் செம்பு. கடையில் மலிவாகக் கிடைக்கும் பல சுருள்களில் வெளியே செம்பு பூசி உள்ளே அலுமினியம் இருக்கும். சுரண்டினால் வெள்ளி நிறம் எட்டிப் பார்க்கும், நாலு தடவை மடக்கினால் ஒடியும். பெட்டியில் கேட்6 என்று கேபிளின் தர வகுப்பைப் பெரிதாக அச்சடித்திருப்பார்கள். சுவருக்குள் பைப்பில் போட்டுப் பூசிவிடப் போகிற கேபிளில் அந்த மிச்சம் பிடிப்பது, வீடு கட்டும்போது சிமென்ட்டில் மிச்சம் பிடிப்பது மாதிரி. அடுத்த தேவைக்கு, சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிற நண்பரிடம் சொல்லி, முழுச் செம்பாகப் பார்த்து ஒரு சுருள் வாங்கிக்கொண்டோம். ஜாக் குத்துவதற்கு முன் முனையைச் சுரண்டிப் பார்ப்பது இப்போது எனக்குக் கை வழக்கமாகிவிட்டது.

பாதை சரியானதும், அதுவரை ஒளிந்திருந்த மற்ற குறைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பழைய ஆர்டர்களைச் சேர்த்து வைக்கும் வெளி ஹார்ட்டிஸ்க்குக்கு அனுப்பினால் 110-ல் தொடங்கி, சில நிமிஷத்தில் 30-க்கு விழுந்தது. சில ஹார்ட்டிஸ்க்குகளில் தடங்களை நாட்டு ஓடு வேய்வது போல ஒன்றன் மேல் ஒன்று பாதி ஏறும்படி எழுதுவார்கள், குறைந்த இடத்தில் நிறைய அடைக்க. எங்கள் பாட்டி வீட்டு ஓட்டில் நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் மேலே இருப்பதையெல்லாம் எடுத்துத் திரும்ப அடுக்க வேண்டும். இங்கேயும் அதேதான். முதலில் ஒரு ஓரத்தில் வேகமாக வாங்கி வைத்துக்கொள்ளும், அந்த ஓரம் நிரம்பியதும் அடுக்கும் வேலை தொடங்கும். எழுதி வைத்துப் பரணில் போட அது போதும், தினசரி வேலைக்கு ஆகாது. நான் தப்பாகச் சொல்லி வாங்க வைத்த அந்த எஸ்எஸ்டி இருந்ததால்தான் எடிட்டிங் சிஸ்டம் 113-ஐத் தாங்கியது. அண்ணனிடம் இதை முன்கூட்டியே யோசித்தது போலச் சொல்லிக்கொண்டேன்.

டிஸ்க்கா, பாதையா என்று சந்தேகம் வந்தால் ஐபெர்ஃப்3 என்ற இலவச நிரல் இருக்கிறது. அது டிஸ்க்கைத் தொடாமல், ஒரு சிஸ்டத்தின் மெமரியிலிருந்து இன்னொன்றின் மெமரிக்கு அனுப்பிப் பார்க்கும். ஜிகாபிட்டில் அது 940-ஐ ஒட்டி மெகாபிட் காட்டினால், கேபிளையும் ஸ்விட்ச்சையும் விட்டுவிட்டு டிஸ்க்கைப் பாருங்கள். இதை முதல் நாளே ஓட்டியிருந்தால் எஸ்எஸ்டியும் விண்டோஸும் தேவைப்பட்டிருக்காது.

அடுத்து பொடி ஃபைல்கள். ஆல்பம் டிசைன் ஃபோல்டரில் நாற்பதாயிரம் குட்டிப் படங்கள், முன்னோட்டங்கள், எடிட்டிங் மென்பொருள் உருவாக்கும் தற்காலிகத் துண்டுகள். மொத்தம் 6 ஜிபிதான், ஆனால் ஒரு மணி நேரம் ஓடியது. வேகம் 2, 1.5, சமயத்தில் சில நூறு கேபி. ஒவ்வொரு ஃபைலுக்கும் மறுமுனையிடம், இந்தப் பெயரில் ஒன்று திறக்கிறேன், சரியா, எழுதுகிறேன், தேதி இது, மூடுகிறேன் என்று பலமுறை கேட்டுப் பதில் வாங்க வேண்டும். நெல்லை மூட்டையாக ஏற்றாமல், ஒவ்வொரு மணிக்கும் ஒரு ரசீது போட்டு ஏற்றுவது போல. இதற்கு ஸ்விட்ச் மாற்றினாலும் கேபிள் மாற்றினாலும் பிரயோஜனமில்லை. மூட்டை கட்டுவதுதான் வழி. அளவைச் சுருக்காமல், சும்மா ஒரே ஜிப் ஃபைலாகக் கட்டி அனுப்பினால் போதும். அல்லது விண்டோஸோடு கூடவே வரும் ரோபோகாப்பியைப் பயன்படுத்தலாம். பல திரிகளாக ஓடு என்று சொன்னால் ஒரே நேரத்தில் எட்டு ஃபைல்களை அனுப்பும். எட்டு என்பது அதன் இயல்பு, கூட்டிக்கொள்ளலாம். அதைவிட எனக்குப் பிடித்தது, நடுவில் கரண்ட் போனாலும் மறுபடி ஓடவிட்டால் ஏற்கெனவே முழுசாக வந்ததை விட்டுவிட்டு மீதியை மட்டும் எடுக்கும். அந்தத் தை மாத ராத்திரிக்கு இது தெரிந்திருந்தால் பாதி ஓட்டம் மிச்சமாகியிருக்கும். டெஸ்க்டாப்பில் ஒரு சின்ன பேட்ச் ஃபைலாக எழுதி வைத்தேன். இரட்டைக் கிளிக், அவ்வளவுதான். அண்ணன் அதற்கு 'மாடிக்கு' என்று பெயர் வைத்தார்.

பழைய ஆர்டர்களுக்கு ஒரு ஓய்வு பெற்ற சிஸ்டத்தில் லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறோம். விண்டோஸ் அதைப் பார்ப்பது, எஸ்எம்பி பேசத் தெரிந்த சாம்பா என்ற நிரல் வழியாக. 1990-களின் தொடக்கத்தில் கான்பெராவில் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ ட்ரிஜெல் எழுதியது. எஸ், எம், பி மூன்றும் அந்த வரிசையில் வரும் சொல் ஒன்றை அகராதி ஃபைலில் தேடி அந்தப் பெயரைப் பிடித்தாராம். அவரும் பால் மெக்கராஸும் 1996-ல் கொடுத்த ஆர்சிங்க் என்ற காப்பி நிரல் இன்னும் கெட்டி. ஒரு பெரிய ஃபைலில் கொஞ்சம் மட்டும் மாறியிருந்தால், மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பும். எங்களுக்கு வீடியோ ஃபைல்கள் மாறுவதில்லை என்பதால் அந்தச் சாமர்த்தியம் அதிகம் உதவாது, ஆனால் ராத்திரி பேக்கப்புக்கு வேறு எதையும் நான் நம்புவதில்லை.

எடிட்டிங் தம்பி லேப்டாப்பில், வைஃபையில்தான் இருப்பேன் என்று பிடிவாதம். டப்பாவில் 1200 என்று போட்டிருக்கிறதே என்பான். அந்த எண், இரண்டு அலைவரிசைகளின் உச்சத்தைக் கூட்டிப் போட்டது, ஒரு லேப்டாப்புக்கு அது கிடைக்காது. அதோடு காற்றில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், அந்தப் பழைய ஒற்றைக் கம்பி ஈதர்நெட் மாதிரியே. இரண்டு லேப்டாப்பும் வைஃபையில் இருந்தால் ஒரே பொட்டலம் ரவுட்டருக்கு ஒரு தடவை, ரவுட்டரிலிருந்து ஒரு தடவை என்று காற்றை இரண்டு முறை அடைக்கும், வேகம் பாதி. கடைவீதியில் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். அதை அந்தத் தெருவில் இருக்கும் எல்லா ஜவுளிக் கடைகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அனுப்புகிறவரையோ வாங்குகிறவரையோ ஒருவரையாவது கேபிளில் கட்டிப்போடுங்கள்.

அண்ணனுக்கு ருசி கண்டுவிட்டது. "இதுக்கு மேல போகாதா?" 2.5 ஜிகாபிட் என்று ஒன்று இருக்கிறது, 2016-ல் வந்த தரம். அலுவலகங்களின் சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் கேட்5இ கேபிளை மாற்றாமல் வேகத்தைக் கூட்டத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். 280 வரை கொடுக்கும், 400 ஜிபி அரை மணிக்குள். புது ஸ்விட்ச் கூட வாங்கவில்லை. கீழுக்கும் மாடிக்கும் நடுவே தனியாக ஒரு கேபிள், இரண்டு முனையிலும் யூஎஸ்பி நெட்வொர்க் அடாப்டர், இரண்டுக்கும் கையால் முகவரி. ஒரு காலத்தில் இரண்டு சிஸ்டத்தை நேராக இணைக்க குறுக்குக் கேபிள் என்று தனியாகக் குத்துவோம். இப்போது கார்டுகளே புரிந்துகொள்கின்றன. முதல் நாள் தம்பி போன் செய்தான்: "அண்ணா, புதுசுல 38தான் வருது." எந்த ஓட்டையில் சொருகினாய் என்றேன். முன்பக்கம், கறுப்பு. அது யூஎஸ்பி 2, அதன் வாய் அவ்வளவுதான். பின்னால் நீல ஓட்டைக்கு மாற்றியதும் 270-ஐத் தாண்டியது.

ஜம்போ ஃப்ரேம் என்று ஒன்றையும் செய்து பார்த்தேன். 1500 பைட் பொட்டலத்தை 9000 ஆக்குவது. கணக்குப்படி, விலாசமும் இடைவெளியும் போக மிஞ்சும் 95 சதவீதம் 99 ஆகும். ஆனால் ஒரு கார்டில் 9000 என்று இருக்கும், இன்னொன்றில் 9014. நடுவில் இருக்கும் டப்பா ஏற்காவிட்டால் சின்னப் பொட்டலம் போகும், பெரியது காணாமல் போகும். ஃபோல்டர் திறக்கும், பெயர்கள் தெரியும், காப்பி போட்டால் தொங்கும். ஒரு மதியம் அதில் போனது. பழையபடியே வைத்துவிட்டேன்.

முதல் முகூர்த்தத்துக்கு 'மாடிக்கு' ஓடியபோது, முடிந்துவிட்டது என்று வந்ததை அண்ணன் நம்பவில்லை. மாடிக்குப் போய் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து, நடுவில் இழுத்துப் பார்த்து, கெட்டிமேளம் சத்தம் வருகிறதா என்று ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டார். காப்பி ஓடியதைவிட அந்தச் சோதனைக்குத்தான் அதிக நேரம் ஆனது.

போன வாரம் மன்னார்குடியிலிருந்து இன்னொரு ஸ்டூடியோக்காரர் பேசினார். அண்ணன்தான் நம்பர் கொடுத்தாராம். "எங்க கடையிலயும் ரொம்ப ஸ்லோ தம்பி. நீங்க வந்து அந்த கேபிள் எல்லாம் மாத்திக் குடுக்கணும்."

"எவ்வளவு காட்டுதுண்ணே?"

"ஒரு சமயம் 90 காட்டுது. அப்புறம் சைபர். கொஞ்ச நேரம் அப்படியே நிக்குது. மறுபடி 40, மறுபடி சைபர். நிக்கும்போது உள்ள டிக் டிக்குன்னு ஒரு சத்தம் வருது."

"அண்ணே, கேபிளை அப்புறம் பாக்கலாம். அந்த டிஸ்க்ல எந்தக் கல்யாணம் இருக்கு? இன்னும் ஆல்பம் குடுக்காதது எது? அதை மட்டும் முதல்ல, இப்பவே, வேற ஒண்ணுல எடுத்து வைங்க. நான் கிளம்பி வரேன்."